ரத்தத்தை ஓட்டுவது சுலபம், நோகாமல் ஓட்டுவதுதான் பாடு

உங்கள் மகள் பயோமெடிக்கல் எஞ்சினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள், ரத்தத்தை ஓட்டும் பம்ப் பற்றி ப்ராஜெக்ட் செய்யப் போவதாகச் சொல்கிறாள். "கிணற்றுத் தண்ணீரை ஏற்ற மோட்டார் இருக்கிறது. ரத்தமும் ஒரு திரவம்தானே, இதில் கண்டுபிடிக்க என்ன மிச்சம் இருக்கிறது? ஆபரேஷன் கருவிகளும் நூறு வருஷமாக அதே கத்தி, அதே கத்தரிக்கோல்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் பெர்ஃப்யூஷனிஸ்ட்டாக வேலை பார்த்தவன். இதயத்தை நிறுத்தி வைத்துவிட்டு சர்ஜன் உள்ளே தைத்துக்கொண்டிருக்கும் நேரம் முழுக்க, நோயாளியின் ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் சேர்த்து, உடம்புக்குள் திருப்பி அனுப்பும் இயந்திரத்தை ஓட்டுவது எங்கள் வேலை. அந்த ஸ்டூலில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். ரத்தத்தைத் தள்ளுவதில் ஒரு கஷ்டமும் கிடையாது. பெரியவர் ஒருவருக்கு நிமிடத்துக்கு நாலு, ஐந்து லிட்டர் போதும். உங்கள் வீட்டு மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் அதைவிடப் பல மடங்கு தள்ளும். ஆனால் அந்த மோட்டாருக்குள் ரத்தத்தை விட்டால் கொஞ்ச நேரத்தில் அது ரத்தமாக இருக்காது.

ஏன் என்று சொல்கிறேன். சிவப்பணு என்பது ஏழு எட்டு மைக்ரான் அகலமுள்ள ஒரு மெல்லிய பை. தன்னைவிடக் குறுகலான நாளத்துக்குள்கூட மடங்கி நுழைந்து வெளியே வந்துவிடும், அவ்வளவு நெகிழ்வு. ஆனால் வேகமாகச் சுற்றும் உலோகத்துக்கும் அசையாத சுவருக்கும் நடுவே அகப்பட்டால் கிழிந்துவிடும். உள்ளே இருக்கும் ஹீமோகுளோபின் பிளாஸ்மாவில் கலக்கும், அதைச் சிறுநீரகம் வடிகட்டித் திணறும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு லேப் ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கட்டிலுக்குக் கீழே தொங்கும் யூரின் பையை எட்டிப் பார்ப்போம். மஞ்சள் மாறி, நாவல்பழச் சாறு கலந்த மாதிரி நிறம் வந்தால் பம்ப் ரத்தத்தை அரைக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த தொல்லை, உடம்பின் சொந்த நாளச் சுவரைத் தவிர வேறு எதைத் தொட்டாலும் ரத்தம் உறையப் பார்க்கும். பிளாஸ்டிக், ரப்பர், ஸ்டீல், எல்லாமே அதற்கு அந்நியம். 1916-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர், உறைவதைத் தடுக்கும் ஒரு பொருளைத் தற்செயலாகக் கவனித்தார். ஹெப்பாரின் அந்த ஆராய்ச்சியிலிருந்து வந்ததுதான். ஹெப்பாரின் இல்லையென்றால் கீழே நான் சொல்லப்போகும் எந்த பம்பும் பத்து நிமிடம் ஓடியிருக்காது. இன்றும் அது பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது. ஆபரேஷன் முடிந்ததும் அதன் வேலையை முறிக்கக் கொடுக்கும் புரோட்டமின், சால்மன் மீனின் விந்திலிருந்து வந்தது. உச்சபட்ச நவீனம் என்று நாம் நினைக்கிற ஒரு தியேட்டரில் பன்றியும் மீனும் இல்லாமல் காரியம் நடக்காது.

மூன்றாவது காற்று. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான மகாதமனிக்குள் காற்று போனால் அது நேரே மூளைக்குப் போகலாம். போனால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

சரி, பம்புக்கு வருவோம். சின்ன வயதில் பிளாஸ்டிக் குழாய்க்குள் அடைத்து விற்ற சிப்-அப் ஐஸ் சாப்பிட்டிருப்பீர்கள். அடியில் விரலால் அழுத்தி அப்படியே மேலே தள்ளிக்கொண்டு போனால் ஐஸ் வாய்க்கு வரும். விரல் ஐஸைத் தொடுவதே இல்லை, பிளாஸ்டிக்கை மட்டும்தான் தொடுகிறது. உருளை பம்பின் மொத்தத் தத்துவமும் இதுதான். குதிரை லாடம் மாதிரி வளைந்த ஒரு சுவர், அதை ஒட்டி வளைத்துப் போட்ட டியூப், நடுவில் சுழலும் கை, கையின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு உருளை. உருளை டியூபை நசுக்கிக்கொண்டே உருளும்போது முன்னால் உள்ள ரத்தம் தள்ளப்படும், பின்னால் டியூப் விரிந்து புது ரத்தத்தை இழுத்துக்கொள்ளும். வால்வு கிடையாது, ரத்தத்தைத் தொடும் உலோகம் கிடையாது. ஆபரேஷன் முடிந்ததும் டியூபை மட்டும் கழற்றித் தூர எறிந்துவிடலாம், அடுத்த நோயாளிக்குப் புது டியூப்.

இது அமெரிக்க சர்ஜன் மைக்கேல் டிபேக்கியின் கண்டுபிடிப்பு என்று பலரும் சொல்வார்கள். முழு உண்மை இல்லை. 1855-லேயே அமெரிக்காவில் போர்ட்டர், பிராட்லி என்ற இருவர் இந்த மாதிரி ஒரு பம்புக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். டிபேக்கி லூசியானாவில் லெபனான் குடியேறிகளின் வீட்டில் 1908-ல் பிறந்தவர். நியூ ஆர்லியன்ஸில் டுலேன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1934-ல் ரத்தம் கொடுப்பவரிடமிருந்து நேரடியாக நோயாளிக்கு ஏற்றுவதற்காக இந்தப் பழைய பம்பைச் சீர்படுத்தினார். உருளை உருள உருள டியூபும் கூடவே நகர்ந்து இழுபடும், அதுதான் அதுவரை இருந்த தொல்லை. டியூபின் பக்கவாட்டில் ஒரு விளிம்பு வைத்து அதைச் சட்டத்தில் இறுக்கிப் பிடிக்க வைத்தார். அவ்வளவுதான் அவர் சேர்த்தது. கேட்டால் இதெல்லாம் ஒரு கண்டுபிடிப்பா என்று தோன்றும். ஆனால் அந்த விளிம்புக்கு முன்னால் அது ஒரு வேடிக்கைப் பொருள், பின்னால் ஒரு கருவி.

உருளை எவ்வளவு இறுக்கமாக டியூபை நசுக்க வேண்டும் என்பதில் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது. ரொம்ப இறுக்கினால் சிவப்பணு நசுங்கும், டியூபின் உட்சுவரும் உரிந்து துகள் துகளாக ரத்தத்தில் கலக்கும். தளர்த்தினால் ரத்தம் பின்னால் வழிந்து திரும்பும், மீட்டர் காட்டும் அளவு உள்ளே போயிருக்காது. அதனால் ஒவ்வொரு காலையும் நாங்கள் செய்த முதல் வேலை இது. பம்பிலிருந்து போகும் டியூபில் சலைன் நிரப்பி அதைச் செங்குத்தாக முக்கால் மீட்டர் உயரத்துக்குப் பிடித்துக்கொள்வோம். பம்ப் நிற்க வேண்டும். திருகைத் தளர்த்த, நீர்மட்டம் மெதுவாக இறங்க ஆரம்பிக்கும். கடிகாரத்தைப் பார்த்தபடி, நிமிடத்துக்கு ஓர் அங்குலம் அளவுக்கு இறங்கும்படி திருகை வைப்போம். அப்புறம் கையை அரைச் சுற்று சுற்றி இரண்டாவது உருளைக்கும் அதே சோதனை. எனக்குச் சொல்லிக்கொடுத்த சீனியர் கடிகாரத்தைப் பார்க்கவே மாட்டார். திருகிக்கொண்டே நீர்மட்டத்தைப் பார்த்து "போதும்" என்பார். நான் சரிபார்த்த எத்தனையோ தடவைகளில் அவர் சொன்ன இடம் சரியாகவே இருந்தது.

பம்ப் இப்படி 1934-லேயே கையில் இருந்தும் இதயத்தைத் திறக்க இன்னும் இருபது வருஷம் ஆனது. காரணம், ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றுவது பம்ப் அடிப்பதைவிடச் சிக்கல். இந்தக் கதையின் நாயகன் ஜான் கிப்பன். 1930-களின் தொடக்கத்தில் பாஸ்டனில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இளம் டாக்டராக இருந்தார். நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி அடைத்த ஒரு பெண்மணியின் பக்கத்தில் இரவெல்லாம் உட்கார்ந்து நாடி பார்ப்பது அவருக்குக் கொடுத்த வேலை. ரத்தம் கறுத்துக்கொண்டே போவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவருக்கு, அந்தக் கறுத்த ரத்தத்தை வெளியே எடுத்துச் சிவக்கவைத்துத் திரும்ப உள்ளே விட்டால் என்ன என்று தோன்றியது. காலையில் அவசர ஆபரேஷன் நடந்தது, அந்தப் பெண்மணி பிழைக்கவில்லை. யோசனை மட்டும் தங்கிவிட்டது.

அதே மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை பார்த்த மேரி ஹாப்கின்சனைக் கிப்பன் கல்யாணம் செய்துகொண்டார். இருவரும் சேர்ந்து பழைய சாமான் கடையில் சில டாலருக்கு ஒரு காற்று பம்ப் வாங்கி, கண்ணாடிக் குழாய்களையும் வால்வுகளையும் கோத்து இயந்திரம் கட்டினார்கள். சோதிக்கப் பூனை வேண்டும். ராத்திரியில் பாஸ்டன் தெருக்களில் டூனா மீனைக் காட்டிக் கூப்பிட்டு, சாக்குப்பையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். 1935-ல் ஒருநாள் பூனையின் நுரையீரல் தமனியை முழுக்க அடைத்தும், இயந்திரத்தின் தயவில் அதன் ரத்த அழுத்தம் இறங்காமல் நின்றது. இருவரும் கட்டிப்பிடித்து ஆய்வகத்தைச் சுற்றி ஆடினார்களாம். மேரியின் பெயர் பாடப்புத்தகங்களில் அடிக்குறிப்பாகத்தான் வருகிறது என்பது எனக்கு எப்போதும் ஒரு குறை.

நடுவில் உலகப்போர். அதற்குப் பிறகு பிலடெல்பியாவில் ஐபிஎம் நிறுவனத்தின் எஞ்சினியர்கள் துணையோடு பெரிய இயந்திரம் தயாரானது. நிறுத்தி வைத்த கம்பி வலைத் தகடுகளின் மேல் ரத்தம் மெல்லிய படலமாக வழிந்து இறங்கும், சுற்றிலும் ஆக்சிஜன் இருக்கும். தள்ளுவதற்கு டிபேக்கியின் உருளை பம்ப். 1953 மே 6 அன்று 18 வயதுப் பெண் ஒருவருக்கு, இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே இருந்த ஓட்டையைக் கிப்பன் தைத்து மூடினார். 26 நிமிடம் அந்தப் பெண்ணின் இதயமும் நுரையீரலும் செய்ய வேண்டிய வேலை முழுவதையும் இயந்திரம் பார்த்துக்கொண்டது. அவர் பிழைத்தார், அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். அடுத்து அதே வருஷம் ஆபரேஷன் செய்த இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். கிப்பன் அத்தோடு நிறுத்திவிட்டார். இருபது வருஷம் உழைத்த இயந்திரத்தை அப்படியே வைத்துவிட்டு நகர்ந்தார். தோல்வி மனப்பான்மை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். குழந்தைகள் ஆபரேஷனில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கிப்பன் விட்ட இடத்தை மின்னசோட்டாவில் வால்டன் லில்லஹை என்ற சர்ஜன் பிடித்துக்கொண்டார். அவர் செய்ததைக் கேட்டால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். இயந்திரத்தால்தானே ஆக்சிஜன் ஏற்ற முடியவில்லை? அப்பாவையோ அம்மாவையோ பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்தார். குழந்தையின் ரத்தத்தைப் பெற்றவரின் காலில் உள்ள சிரையில் விட்டு, பெற்றவரின் தமனியிலிருந்து சிவந்த ரத்தத்தை எடுத்துக் குழந்தைக்குக் கொடுத்தார். அப்பாவின் நுரையீரல்தான் ஆக்சிஜனேட்டர். இரண்டு பக்கமும் ரத்தம் ஒரே அளவில் போய் வர வேண்டும், இல்லையென்றால் ஒருவர் ரத்தம் இன்னொருவரிடம் சேர்ந்துவிடும். அதற்கு அவர்கள் பிடித்த பம்ப் எது தெரியுமா? பால் பண்ணைகளிலும் உணவுத் தொழிற்சாலைகளிலும் ஓடிக்கொண்டிருந்த சிக்மாமோட்டார் பம்ப். வரிசையாக இருக்கும் உலோக விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக டியூபை அழுத்தும், வீணை வாசிக்கிற மாதிரி. அதே சிப்-அப் தத்துவம்தான்.

1954 மார்ச்சில் தொடங்கி 45 பேருக்கு இப்படிச் செய்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். 28 பேர் பிழைத்தார்கள். பெற்றோர் யாரும் இறக்கவில்லை, ஆனால் ஒரு தாய்க்கு ரத்தத்தில் காற்று புகுந்து மூளை பாதித்தது. ஒரே ஆபரேஷனில் இருநூறு சதவீதம் சாவு நேரக்கூடிய சிகிச்சை இது என்று சக டாக்டர்கள் விமர்சித்ததில் நியாயம் இருந்தது. இன்னொரு பக்கம், அந்த 28 பேருக்கு அந்த வருஷம் வேறு வழியே கிடையாது. இந்த விஷயத்தில் எனக்கே இன்னும் ஒரு முடிவான அபிப்பிராயம் வந்தபாடில்லை.

நல்லவேளை, இது நீண்ட நாள் தேவைப்படவில்லை. லில்லஹையின் குழுவில் இருந்த ரிச்சர்ட் டிவால் 1955-ல் பிளாஸ்டிக் குழாயை வைத்தே ஓர் ஆக்சிஜனேட்டர் செய்துவிட்டார். ரத்தத்துக்குள் ஆக்சிஜனை நேராகக் குமிழியாக விட வேண்டும். இதை முன்பே பலர் யோசித்துக் கைவிட்டிருந்தார்கள், ஏனென்றால் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்துவிடும், அந்த நுரை உள்ளே போனால் ஆளைக் கொன்றுவிடும். தொழிற்சாலைகளில் நுரையை அடக்கப் பயன்பட்ட ஒரு சிலிக்கோன் பொருளைக் குழாயின் உட்புறம் பூசினார் டிவால். அதற்கப்புறம் ரத்தத்தைச் சுருள் குழாய் வழியாக மெதுவாக இறங்கவிட்டார். மிச்ச மீதிக் குமிழி இலேசானது, மேலேயே தங்கும். குமிழி இல்லாத கனமான ரத்தம் கீழே வந்து சேரும். ஐபிஎம் இயந்திரத்தின் பக்கத்தில் இதை வைத்தால் பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிப் பொருள் மாதிரி இருக்கும். விலை சொற்பம், ஒரு தடவை பயன்படுத்திவிட்டு எறியலாம். உலகம் முழுக்க திறந்த இதய ஆபரேஷன் பரவியதற்கு இந்தச் சாதாரணக் குழாய் முக்கியமான காரணம். இப்போது நாங்கள் பயன்படுத்துவதில் குமிழி கிடையாது. நூல் மாதிரியான ஆயிரக்கணக்கான உள்ளீடற்ற இழைகள், உள்ளே வாயு, வெளியே ரத்தம், இரண்டுக்கும் நடுவே ஒரு சவ்வு.

உருளை பம்பின் குணம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது ரொம்ப விசுவாசமான முட்டாள். முன்னால் டியூப் மடங்கி அடைத்திருந்தாலும் தள்ளிக்கொண்டே இருக்கும், இணைப்பு பிய்த்துக்கொண்டு வெடிக்கும்வரை. பின்னால் தொட்டி காலியானாலும் தள்ளும், ரத்தத்துக்குப் பதில் காற்றை. அதனால்தான் மட்டம் பார்க்கும் சென்சார், குமிழி கண்டால் நிறுத்தும் சென்சார் எல்லாம் கட்டி வைத்திருக்கிறோம். ஆனால் கரண்ட் போனால் கையால் சுற்றலாம் என்பது அதன் பெரிய குணம். தொண்ணூறுகளில் ஒரு மருத்துவமனையில், நோயாளி இயந்திரத்தில் இருக்கும்போது கரண்ட் போய், ஜெனரேட்டரும் எடுக்கவில்லை. விளக்கு அணைந்ததும் முதலில் காதில் விழுந்தது அமைதிதான். பம்பின் உறுமல் நின்றுபோனது. மூடியைத் திறந்து கைப்பிடியைச் செருகிச் சுற்ற ஆரம்பித்தேன். அரை அங்குல டியூபில் ஒரு சுற்றுக்குச் சுமார் 45 மில்லி போகும். நாலு லிட்டர் வர நிமிடத்துக்குத் தொண்ணூறு சுற்று சுற்ற வேண்டும். திசை மாறினால் அவ்வளவுதான், உடம்பிலிருந்து ரத்தத்தை இழுத்துக் காற்றை உள்ளே விட்டுவிடும். அதனால் கைப்பிடியின் மேலேயே அம்புக்குறி ஒட்டி வைத்திருப்போம். இரண்டாவது நிமிடத்தில் தோள் எரிந்தது, மூன்றாவதில் தியேட்டர் டெக்னீஷியன் கை மாற்றிக்கொண்டார். நர்ஸ் ஒருவர் டார்ச்சை ரத்தத் தொட்டியின் மட்டத்தின் மேல் பிடித்துக்கொண்டு நின்றார். ஏழு நிமிடம் ஆனது. சர்ஜன் ஒரு வார்த்தை பேசவில்லை, இன்னொரு டார்ச் வெளிச்சத்தில் தைத்துக்கொண்டே இருந்தார். நோயாளி நன்றாக வீட்டுக்குப் போனார். இன்றைய இயந்திரங்களில் பேட்டரி உள்ளேயே இருக்கிறது, கைப்பிடியும் தவறான திசையில் சுற்றாது. இருந்தாலும் புதிதாக வருகிறவர்களைக் கைப்பிடி பிடித்து ஐந்து நிமிடம் சுற்றவைக்காமல் நான் விட்டதில்லை.

உங்கள் கிணற்று மோட்டாரும் இந்தக் கதைக்குள் வரத்தான் செய்கிறது. எழுபதுகளில் மின்னசோட்டாவில் பயோமெடிக்கஸ் என்ற நிறுவனம் மையவிலக்கு பம்பைக் கொண்டுவந்தது. அதில் முதலில் இறக்கைகள் இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாகக் கவிழ்த்த வழவழப்பான கூம்புகள் சுழலும், ரத்தம் அவற்றோடு ஒட்டிச் சுழன்று வெளியேறும். ஓட்டும் மோட்டார் வெளியே இருக்கும், காந்தத்தின் வழியாகத்தான் இணைப்பு. இதில் முன்னால் அடைத்தால் வெடிக்காது, சும்மா சுழன்றுகொண்டிருக்கும். நிறையக் காற்று உள்ளே புகுந்தால் தள்ளுவதையே நிறுத்திவிடும். தோட்டத்தில் மோட்டார் ஏர் பிடித்துக்கொண்டால் தண்ணீர் வராமல் வெறுமனே ஓடும் அல்லவா, அதேதான். விவசாயிக்கு எரிச்சல், எங்களுக்கு அது பாதுகாப்பு. நாள்கணக்கில், வாரக்கணக்கில் நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்கும் எக்மோ இயந்திரத்தில் இன்று பெரும்பாலும் இந்த வகைதான்.

அதைவிட ஆச்சரியம் ரிச்சர்ட் வாம்ப்ளரின் கதை. 1970-களில் எகிப்துக்குப் போன இந்த அமெரிக்க டாக்டர், ஒரு கிராமத்தில் ஆற்றுத் தண்ணீரைத் திருகுக் குழாயால் மேலேற்றுவதைப் பார்த்தார். நம் ஊரில் ஏற்றமும் கமலையும் மாதிரி அங்கே ஆர்க்கிமிடீஸ் பெயர் சொல்லும் திருகு. அதைச் சிறிதாக்கி இதயத்துக்குள் வைத்தால் என்ன என்று யோசித்தார். ஏழு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பம்ப், தொடைத் தமனி வழியாக ஏற்றி இதயத்தின் இடது கீழறைக்குள் நுனியை வைக்க வேண்டும். நிமிடத்துக்கு 25,000 சுற்று. எல்லோரும் மிக்ஸியில் போட்ட தக்காளி மாதிரி ரத்தம் ஆகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. சிவப்பணு அந்தத் திருகுக்குள் இருப்பது கண்சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவு. எவ்வளவு வேகத்தில் அடி படுகிறது என்பதோடு எவ்வளவு நேரம் படுகிறது என்பதும் கணக்கில் வரும் என்று அப்போதுதான் பலருக்கு உறைத்தது. 1988-ல் ஹூஸ்டனில், டெக்சாஸ் ஹார்ட் இன்ஸ்டிட்யூட்டில், ஹீமோபம்ப் என்ற பெயரில் அது முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இன்று பல பெரிய மருத்துவமனைகளில் பயன்படும் இம்பெல்லா என்ற பம்ப் அந்த வழியில் வந்ததுதான்.

தொடர்ந்து சுழலும் இந்த வகை பம்புகளை நிரந்தரமாக நெஞ்சுக்குள் வைக்க ஆரம்பித்ததும் இன்னொரு விநோதம் சேர்ந்தது. அந்த நோயாளிகள் பலருக்கு நாடியே கிடைக்காது. உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார், காபி குடிப்பார், கையைப் பிடித்துப் பார்த்தால் துடிப்பு இருக்காது. அமெரிக்காவின் முன்னாள் துணை ஜனாதிபதி டிக் செனிக்கு 2010-ல் இப்படி ஒன்று பொருத்தினார்கள், 2012-ல் மாற்று இதயம் கிடைக்கும்வரை அதோடு இருந்தார். இந்த வகையில் புதியதான ஹார்ட்மேட் 3 என்ற பம்பில் சுழலும் பாகம் எதையும் தொடாமல் காந்த விசையில் மிதக்கிறது. தேய ஒன்றும் இல்லை, உராய ஒன்றும் இல்லை, ரத்தம் போக இடைவெளியும் தாராளம். இரண்டு விநாடிக்கு ஒரு முறை வேகத்தை ஏற்றி இறக்கி, தேங்கி நிற்கும் ரத்தத்தைக் கலைத்துவிடும்.

கருவிகள் பற்றிக் கேட்டீர்கள். தியேட்டரில் கத்தி, கத்தரிக்கோலைவிட அதிகமாகக் காதில் விழும் சொல் "ஆர்ட்டரி". ரத்தக்குழாயைக் கவ்வி, பற்சட்டத்தில் கிளிக்கென்று பூட்டிக்கொள்ளும் கிடுக்கி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் பெயான், ஸ்ட்ராஸ்பர்கில் கெபர்லே, இங்கிலாந்தில் ஸ்பென்சர் வெல்ஸ் மூவரும் ஆளுக்கொரு விதமாகச் செய்து, யார் முதல் என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். அதன் சின்னத் தங்கச்சி மஸ்கிட்டோ. பார்ப்பதற்கு நூறு வருஷமாக ஒரே மாதிரிதான் இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவை எல்லாம் நறுக்கென்று கவ்வுகிறவை. கட்டி முடிக்கப்போகிற குழாயை எப்படிக் கவ்வினால் என்ன? தைத்துத் திரும்ப ஓடவிட வேண்டிய குழாயை அப்படிக் கவ்வினால் உள்சுவர் நொந்து, அங்கேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். பம்புக்கு வந்த அதே பிரச்சினை.

நம் டிபேக்கி இங்கேயும் வருகிறார். அவர் பெயர் கொண்ட ஃபோர்செப்ஸை விரலில் வைத்துப் பாருங்கள். ஒரு தாடையில் பொடிப் பற்களின் ஒற்றை வரிசை, மறு தாடையில் இரட்டை வரிசை, ஒற்றை அந்த இரட்டைக்கு நடுவே போய் உட்காரும். விரல் தோலைக் கவ்வினால் வழுக்காது, வலிக்கவும் செய்யாது. "சிஸ்டர், டிபேக்கி" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கும் இளம் சர்ஜன்களில் பலருக்கு அது ஒரு மனிதரின் பெயர் என்பதே நினைவில் இருக்காது. இதே மனிதர் ஐம்பதுகளில் ஹூஸ்டனில் ஒரு கடைக்கு நைலான் துணி வாங்கப் போனார். நைலான் தீர்ந்துவிட்டது, டேக்ரான் என்ற புதுத் துணி இருக்கிறது என்றார்கள். வாங்கிவந்து மனைவியின் தையல் மெஷினில் குழாயாகத் தைத்தார். சின்ன வயதில் அம்மா தையல் சொல்லிக்கொடுத்திருந்தார். நைலான் உடம்புக்குள் நாளாவட்டத்தில் நைந்துபோகும், டேக்ரான் நிற்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. 97 வயதில் டிபேக்கியின் சொந்த மகாதமனியே கிழிந்தபோது, அவரே வகுத்த ஆபரேஷனைச் செய்து டேக்ரான் குழாயை வைத்துத்தான் அவரைக் காப்பாற்றினார்கள். கிட்டத்தட்ட நூறு வயதுவரை இருந்தார்.

எனக்குப் பிடித்த கதை கையுறையுடையது. 1889-90 குளிர்காலத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கரோலின் ஹாம்ப்டன் என்ற நர்ஸுக்குக் கிருமிநாசினி பட்டுப்பட்டுக் கை புண்ணாகிவிட்டது. சர்ஜன் ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் கம்பெனியில் அவருக்காக மெல்லிய கையுறை செய்யச் சொன்னார். நோயாளிக்காக அல்ல, நர்ஸின் கைக்காக. கிருமியைத் தடுக்கவும் அது உதவும் என்று மற்றவர்கள் பிறகுதான் உணர்ந்தார்கள். ஹால்ஸ்டெட் கரோலினையே கல்யாணம் செய்துகொண்டார். எழுபது வருஷம் கழித்து சின்சினாட்டியில் தாமஸ் ஃபோகார்ட்டி என்ற பையன். பள்ளிக்கூடம் படிக்கும்போதே மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து, தியேட்டரில் கருவி எடுத்துக்கொடுக்கும் அளவுக்கு வந்தவன். கால் தமனியில் கட்டி அடைத்தவர்களுக்குக் காலை நீளமாகக் கிழித்து மணிக்கணக்கில் ஆபரேஷன் செய்தும், காலோ உயிரோ போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மருத்துவம் படிக்கும்போது, ரப்பர் கையுறையின் சுண்டுவிரல் நுனியை வெட்டி, சிறுநீர்க்குழாயில் விடும் மெல்லிய கதீட்டரின் முனையில் கட்டினான். ஒட்டுவதற்கு அன்று சரியான பசை இல்லை. தூண்டிலுக்குப் பூச்சி பொம்மை கட்டிப் பழகிய கை, நூலாலேயே கசிவில்லாமல் கட்டிவிட்டது. சுருங்கிய பலூனைக் கட்டிக்கு அப்பால் நுழைத்து, ஊதி, மெதுவாக வெளியே இழுத்தால் கட்டியும் கூடவே வந்துவிடும். 1961-ல் நோயாளிக்குப் பயன்படுத்தினார்கள். நிறுவனங்கள் முதலில் சீந்தவில்லை. கடைசியில் செய்துகொடுத்தது எட்வர்ட்ஸ் நிறுவனம்.

அந்த எட்வர்ட்ஸ் டாக்டரே இல்லை. போர் விமானங்களுக்கு எரிபொருள் பம்ப் செய்து சம்பாதித்து ஓய்வுபெற்ற எஞ்சினியர். 1958-ல் செயற்கை இதயம் செய்யலாம் என்று ஆல்பர்ட் ஸ்டார் என்ற இளம் சர்ஜனிடம் போனார். முழு இதயம் இருக்கட்டும், முதலில் ஒரு வால்வு செய்வோம் என்றார் ஸ்டார். 1960-ல் கூண்டுக்குள் பந்து வைத்த வால்வு நோயாளிக்குள் போனது. கோலி சோடா குடித்தவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம்.

இந்தியாவுக்கு வந்தால், திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் வலியத்தான் என்ற சர்ஜனின் குழு செய்த வால்வு, பந்துக்குப் பதில் ஒரு தட்டு சாய்ந்து திறந்து மூடும். முதல் மூன்று மாதிரிகளும் தேறவில்லை. ஒன்றில் தாங்கும் கம்பி முறிந்தது. இன்னொன்றில் நீலக்கல்லையே தட்டாக வைத்தார்கள், ஆட்டுக்குள் மூன்று மாதத்தில் அது உடைந்தது. நாலாவதில் கடினத்தை விட்டுவிட்டு, தேய்மானம் தாங்கும் ஒரு பிளாஸ்டிக்கைத் தட்டாக்கினார்கள். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள், டிடிகே நிறுவனம் தயாரித்துக் கொடுத்தது. பிளாஸ்டிக் தட்டு அடிக்கும் சத்தமும் மெல்லியது.

மிச்சம் என்ன இருக்கிறது என்று உங்கள் மகள் கேட்டால் மூன்றைச் சொல்லுங்கள். நெஞ்சுக்குள் இருக்கும் பம்புக்கு மின்சாரம் இன்னும் வயிற்றுத் தோலைத் துளைத்து வரும் ஒரு ஒயர் வழியாகத்தான் போகிறது. சீழ் பிடிப்பதும் அங்கேதான், அந்த ஒயரால்தான் குளத்தில் இறங்க முடியாமல் போகிறது. கைக்குழந்தைக்குப் பொருந்தும், வருஷக்கணக்கில் நம்பி விடக்கூடிய பம்ப் இன்னும் சரியாக அமையவில்லை. ஹெப்பாரினே வேண்டாத, ரத்தம் தன் சொந்த நாளம் என்று நம்பும் ஒரு மேற்பரப்பை யாரும் இன்னும் செய்யவில்லை.

அவளை ஒருநாள் காலை ஆறரைக்கு, ஏதாவது ஒரு இதய சிகிச்சைப் பிரிவில் பெர்ஃப்யூஷனிஸ்ட் பக்கத்தில் நிற்க அனுமதி வாங்கிக்கொடுங்கள். தேதி முடிந்த டியூப் செட் ஒன்று எப்படியும் அலமாரியில் கிடக்கும். அதை பம்பில் போட்டு, சலைன் நிரப்பி, அந்தத் திருகை அவளே திருகி, நீர்மட்டம் நிமிடத்துக்கு ஓர் அங்குலம் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முதல் தடவை யாருக்கும் வராது. எனக்கு வர மூன்று வாரம் ஆனது.